நியூயார்க் மாநிலச் சிறையில் நர்ஸ் வேலை: சங்க அட்டையில் கையெழுத்துப் போடலாமா?

செண்பகம்_ஆர்என்

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, நியூயார்க் மாநிலச் சிறை ஒன்றில் ரெஜிஸ்டர்டு நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். உயர்ந்த மதிலும் காவல் கோபுரங்களும் உள்ள சிறை. விடிந்ததும் சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின், அப்புறம் மருந்து ஜன்னல் வரிசை, அது முடிந்ததும் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தவர்களைப் பார்ப்பது. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் பெயர் மனதில் நிற்பதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார். இங்கே ஒருவரின் ரத்த அழுத்தத்தை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்துச் சரிசெய்ய முடிகிறது.

என் கேள்வி சங்கம் பற்றியது. ஓரியன்டேஷனில் பெஃப் என்ற மாநில அரசு ஊழியர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்து உறுப்பினர் அட்டை கொடுத்தார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "சேராவிட்டாலும் ஒப்பந்தம் உனக்கும் பொருந்தும், சந்தா வீண்" என்கிறார் ஒருவர். "தகுதிகாண் காலம் முடியட்டும், அதுவரை சங்கத்துப் பக்கமே போகாதே" என்கிறார் இன்னொருவர்.

பணம் எனக்குப் பெரிய பிரச்சினை இல்லை. மனதைப் போட்டு அரிக்கிற விஷயம் வேறு. 2024 டிசம்பரில் இதே மாநிலத்தின் மார்சி சிறையில் ராபர்ட் புரூக்ஸ் என்ற கைதியை, கையில் விலங்கு மாட்டிய நிலையில் சிறைக் காவல் ஆபீசர்கள் அடித்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது நடந்த இடம் சிறை மருத்துவப் பிரிவின் பரிசோதனை அறை. நான் தினமும் நிற்பது அப்படி ஒரு அறையில்தான். கைதி மீது பலப்பிரயோகம் நடந்தால், அவரைப் பரிசோதித்து என்னென்ன காயம், எங்கே என்று எழுத வேண்டியது நர்ஸ். நாளைக்கு நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினால் சங்கம் என் பக்கம் நிற்குமா, ஆபீசர் பக்கம் நிற்குமா? சங்கத்தில் சேர்ந்தால் அவர்களோடு ஒரே அணியில் நிற்பதாக ஆகிவிடாதா?

2025 பிப்ரவரியில் ஆபீசர்கள் செய்த வேலைநிறுத்தத்தை நினைத்தும் வீட்டில் பயப்படுகிறார்கள். சிறைத்துறையில் வேலை பார்க்கிற, பார்த்த யாராவது விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

இல்லினாய்_குமரன்

சகோதரி, நான் சிறையில் இல்லை, வேறொரு மாநிலத் துறையில் இருக்கிறேன். என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கத்தில் இல்லை.

எங்கள் இல்லினாய் மாநிலத்தில் குழந்தைப் பராமரிப்புத் தொகை வசூல் பிரிவில் இருந்த மார்க் ஜேனஸ் என்ற ஊழியர் தொடுத்த வழக்கில்தான் 2018 ஜூன் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது. உறுப்பினராகாத அரசு ஊழியரிடம் அவர் சம்மதம் இல்லாமல் சங்கம் எந்தக் கட்டணமும் பிடிக்கக் கூடாது. 1977 முதல் இருந்துவந்த நடைமுறை அன்றோடு முடிந்தது. சங்கத் தலைமை ஆதரிக்கும் வேட்பாளர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. என் சம்பளம் அந்தப் பேச்சுக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். இதை யாரும் துரோகம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை.

சேருவதானால் ஒன்று செய்யுங்கள். அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதை முழுக்கப் படியுங்கள். சம்பளத்தில் சந்தா பிடிக்க நீங்கள் தரும் அனுமதியை எப்போது திரும்பப் பெறலாம் என்று அதில் இருக்கும். சில அட்டைகளில் வருடத்தில் குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும்தான் முடியும். கையெழுத்துப் போட்டதும் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முத்தையா_ஓய்வு

தங்கச்சி செண்பகம், நானும் நர்ஸ்தான். முதலில் ஒரு கவுண்டி ஜெயில், பிறகு மாநிலச் சிறை, இப்போது ஓய்வு. நடுவில் சில வருடம் சங்க ஸ்டூவர்டாகவும், அதாவது வேலையிடத்தில் சங்கத்தின் பிரதிநிதியாகவும், இருந்தேன். நீங்கள் கேட்டது நர்ஸ்கள் என்னிடம் கேட்டதிலேயே கனமான கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கையில் இருப்பது ஆபீசர்களின் சங்க அட்டை இல்லை. ஆபீசர்களுக்கும் சார்ஜென்ட்களுக்கும் நிஸ்கோப்பா என்ற தனிச் சங்கம் 1999 முதல் இருக்கிறது. பெஃப் வேறு. ரெஜிஸ்டர்டு நர்ஸ்கள், கைதிகளின் கவுன்சிலர்கள், சிறைப் பள்ளி ஆசிரியர்கள், பரோல் அதிகாரிகள் எல்லாம் அதில் வருவார்கள். மற்ற மாநிலத் துறைகளில் உள்ள பொறியாளர்களும் கணக்காய்வாளர்களும்கூட அதே சங்கம்தான். உங்கள் பக்கத்திலேயே நின்று மருந்து கொடுக்கும் எல்.பி.என். நர்ஸ் (ரெஜிஸ்டர்டு நர்ஸுக்கு ஒரு படி கீழே) சி.எஸ்.இ.ஏ. என்ற இன்னொரு சங்கத்தில் இருப்பார். ஒரே காரிடாரில் மூன்று சங்கம், மூன்று ஒப்பந்தம். உங்கள் காயக் குறிப்பால் ஓர் ஆபீசருக்குச் சிக்கல் வந்தால், அவருக்காக வாதாடப்போவது அவருடைய சங்கம். உங்களைக் கூப்பிட்டு விசாரித்தால் உங்களோடு உட்காரப்போவது உங்களுடையது. இரண்டும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவும் நேரலாம்.

"சேராவிட்டாலும் ஒப்பந்தம் பொருந்தும்" என்று சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். சம்பள உயர்வு, விடுப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் உறுப்பினராக இல்லாதவருக்கும் உண்டு. மீதிப் பாதி நியூயார்க்குக்கே உரியது. ஜேனஸ் தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் மாநிலச் சட்டமன்றம் 2018 ஏப்ரலில், இங்கே அரசு ஊழியர் சங்கங்களுக்கான டெய்லர் சட்டத்தைத் திருத்தியது. உறுப்பினராகாதவருக்கு ஒப்பந்தத்தைப் பேசி முடிப்பதும் அதை அமல்படுத்துவதும் சங்கத்தின் கடமை. ஆனால் மேலதிகாரி அவரைக் கேள்வி கேட்கும்போது கூட வந்து உட்கார வேண்டிய கடமை சங்கத்துக்கு இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் அவர் தனியாக ஆள் வைத்து வாதாட வழியிருந்தால், அங்கேயும் சங்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். குமரன் தம்பி இருப்பது வேறு மாநிலம், அங்கே விதி வேறு. இங்கே அட்டை இல்லாத நர்ஸுக்குச் சம்பள உயர்வு வரும், விசாரணை அறைக்கு ஆள் வரமாட்டார்.

சிறையில் வேலை பார்ப்பவருக்கு எந்த இடத்தைவிடவும் முக்கியம் அந்த அறைதான். ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து தவறினால் தாதியர் கண்காணிப்பாளர் கூப்பிட்டுப் பேசுவார். சிறையில் அதே விஷயம் பாதுகாப்பு மீறலாகப் பார்க்கப்படும். புலனாய்வு அலுவலகத்திலிருந்து ஆள் வருவார்.

கவுண்டி ஜெயிலில் நான் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஷிஃப்ட் மாறும்போது போதை வகை மருந்துகளை எண்ணி, போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது விதி. ஒரு நாள் காலை எண்ணிக்கையில் ஒரு மாத்திரை குறைந்தது. நான் உடனே எழுதி, மேலே தெரிவித்தேன். அடுத்த வாரம் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே சூப்பர்வைசரும் முன்பின் பார்த்திராத ஒருவரும். "ஒன்றுமில்லை, சும்மா பேசத்தான்" என்றார்கள். ஆனால் அந்தப் புதியவர் முன்னால் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. நான் ஸ்டூவர்ட் வேண்டும் என்றேன். முகம் மாறினாலும் நிறுத்தினார்கள். ஸ்டூவர்ட் அம்மா வந்தார். குரலை உயர்த்தவே இல்லை. எந்த விஷயம் பற்றிய விசாரணை, இவர் மீது சந்தேகமா, சாட்சியா என்று முதலில் கேட்டார். அப்புறம் எண்ணிக்கைப் பதிவேட்டின் முந்தைய பக்கத்தைக் காட்டச் சொன்னார். அதற்கு முந்தைய ஷிஃப்ட் மாறியபோது இரண்டு கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. என் ஷிஃப்டுக்கு முன்பே எண்ணிக்கை ஒழுங்காக நடக்கவில்லை என்பது அந்தப் பக்கத்திலேயே இருந்தது. என் கோப்பில் ஒரு தாளும் ஏறாமல் அன்றே முடிந்தது. பயத்தில் இருந்த எனக்கு அந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

நீங்கள் கேட்காமல் யாரும் பிரதிநிதியைக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். "இந்த விசாரணையால் என் மீது ஒழுங்கு நடவடிக்கை வரக்கூடும் என்றால் என் சங்கப் பிரதிநிதி வேண்டும்" என்ற வாக்கியத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியார் துறைக்கு இந்த உரிமை 1975-ல் வெயின்கார்ட்டன் வழக்கில் உறுதியானது. நியூயார்க் அரசு ஊழியருக்கு டெய்லர் சட்டத்திலேயே இருக்கிறது. பிரதிநிதி வந்தபின் உண்மையைச் சொல்லுங்கள். சிறையில் ஆட்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் செய்த பிழையைவிட, விசாரணையில் சொல்லும் பொய்தான். இன்னொன்றும் உண்டு. பதில் சொல்லாவிட்டால் வேலை போகும் என்று கட்டாயப்படுத்தி வாங்கிய வாக்குமூலத்தை உங்கள் மீதான குற்றவியல் வழக்கில் பயன்படுத்த முடியாது. இது 1967-ன் காரிட்டி தீர்ப்பு. குற்றவியல் வாடை அடித்தால் மட்டும் ஸ்டூவர்ட் போதாது, வக்கீல் வேண்டும்.

இப்போது காயக் குறிப்பு. மார்சியில் நடந்ததைப் பார்த்து எனக்கும் தூக்கம் வரவில்லை. பணிநீக்கம் செய்ய ஆளுநர் உத்தரவிட்டவர்களில் ஒரு நர்ஸும் இருந்தார் என்று படித்தபோது நெஞ்சு கனத்தது. 2025 பிப்ரவரியில் 6 பேர் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. நாம் அந்த அறையில் நிற்பது நோயாளிக்காக. விலங்கு மாட்டியிருந்தாலும் அவர் நோயாளிதான். 1976-ல் எஸ்டெல் வழக்கில் உச்ச நீதிமன்றமே, கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது.

ஆகவே பார்த்ததை எழுதுங்கள். எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், என்ன நிறம், கைதி தன் வாயால் சொன்னது என்ன என்று அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "தவறி விழுந்தார்" என்று யாராவது சொன்னால், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நீங்களாக எந்த முடிவும் எழுத வேண்டாம். நேரத்தை மறக்காமல் குறியுங்கள். அதற்குப் பழிவாங்கலாக ஷிஃப்ட் மாறினால், எங்காவது தூக்கிப் போட்டால், குடிமைப் பணிச் சட்டத்தின் 75-பி பிரிவு இருக்கிறது. மக்களின் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் குறிப்பிட்ட ஆபத்து உண்டாக்கும் சட்ட மீறலை அரசு அமைப்பிடம் தெரிவித்த ஊழியரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது அது. சட்டம் தாளில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் தட்ட ஆள் வேண்டும். எனக்குச் சங்கம் அதற்காகத்தான்.

ஓர் ஆபீசருக்கும் விசாரணை, சாட்சி, நடுவர் என்று எல்லாப் படிகளும் கிடைக்கிறதே, அடித்தவனுக்கு எதற்கு அது என்று எனக்கும் கோபம் வந்திருக்கிறது. ஆனால் அந்தப் படிகளை அவருக்கு வெட்டினால், அவரைப் பற்றி எழுதிய நர்ஸுக்கும் அதே கத்திதான். இதை நான் மனதார நம்புகிறேன்.

தகுதிகாண் காலம் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் வேலையை விட்டு எடுத்தால் சங்கத்தால் செய்ய முடிவது மிகக் குறைவு. ஆனால் சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை எடுப்பது டெய்லர் சட்டப்படி நிர்வாகத்தின் முறையற்ற நடத்தை. சேர்ந்தால் ஆபத்து என்பது வெறும் காரிடார் பேச்சு. சங்க ஆள் ஓரியன்டேஷனுக்கு வந்து உங்களோடு பேசியதும் சட்டம் தந்த உரிமையில்தான். புதிதாகச் சேர்ந்தவரை வேலை நேரத்திலேயே, விடுப்பு கழிக்காமல் சந்திக்க நிர்வாகம் இடம் தர வேண்டும்.

கட்டாய ஓவர்டைமும் உங்களைத் தேடி வரும். ஆபீசர்களை மேண்டேட் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு ஷிஃப்ட் முடிந்து கேட்டை நோக்கி நடக்கும்போதே திருப்பி அனுப்புவார்கள். நர்ஸுக்கு அப்படிச் செய்ய முடியாது. தொழிலாளர் சட்டம் 167-ஆம் பிரிவு 2009 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பேரிடர், அறிவிக்கப்பட்ட அவசரநிலை, நோயாளிக்கு எதிர்பாராத நெருக்கடி, பாதியில் நிற்கும் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, முன்பே ஒத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் நர்ஸைக் கட்டாயப்படுத்த முடியாது. சிறைகளும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான ஆள் பற்றாக்குறை அவசரநிலை ஆகாது. புதிய நர்ஸ்கள் பலருக்கு இது தெரிவதில்லை. அவர்கள் கண் எரிய எரிய நின்று மருந்து கொடுப்பதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

கடைசியாக, சங்கம் செய்யாதவை. கைதிகள் நர்ஸ்கள் மீது கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது சாதாரணம். அதில் உங்களைக் காப்பது மாநில அரசுதான், பொது அலுவலர் சட்டம் 17-ஆம் பிரிவின்படி. ஆனால் சம்மன் கைக்கு வந்த 5 நாட்களுக்குள் அதன் நகலை அட்டர்னி ஜெனரலிடம் சேர்க்க வேண்டும். மேசை டிராயரில் போட்டுவிட்டு மறந்தவர்களை எனக்குத் தெரியும். நர்ஸ் லைசன்ஸ் மீதான விசாரணை அதிலிருந்தும் தனி. நியூயார்க்கில் அது மாநிலக் கல்வித்துறையின் கீழ் வருகிறது. அதற்கு உங்கள் பெயரில் தனிப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்க அட்டை அதற்கு ஈடாகாது.

மீனா_கிளினிக்

முத்தையா அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். இதைப் படிக்கிற எல்லோரும் செண்பகம் போல நேரடி அரசு ஊழியராக இருக்கமாட்டார்கள். நான் கவுண்டி ஜெயிலுக்குள்தான் நிற்கிறேன், ஆனால் சம்பளம் தருவது ஒப்பந்தம் எடுத்த தனியார் மருத்துவ நிறுவனம். எனக்கு மாநில ஊழியர் சட்டம் எதுவும் பொருந்தாது. 1935-ன் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம்தான்.

எங்களிடம் சங்கமே இல்லாமல் இருந்தது. நர்ஸ்களில் 30 சதவீதம் பேர் சங்க அட்டையில் கையெழுத்துப் போட்டால் ரகசிய வாக்கெடுப்பு கேட்டு மனுப் போடலாம். ஆனால் அந்த அளவோடு போனால் தோற்றுவிடுவீர்கள் என்று சங்க அமைப்பாளர் சொன்னார். பெரும்பான்மைக்கு நன்றாக மேலே வந்த பிறகுதான் போட்டோம், ஜெயித்தோம். பேச்சு முழுக்க வெளியே, அவரவர் வீட்டில். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் அட்டைகளை ஒருபோதும் ஜெயிலுக்குள் எடுத்துப் போகவில்லை.

தனியார் சிறைகளில் இன்னொரு விதியும் உண்டு. காவல் வேலை பார்ப்பவர்களும் மற்ற ஊழியர்களும் கலந்த சங்கத்தைக் காவலர்களின் பிரதிநிதியாகத் தொழிலாளர் வாரியம் அங்கீகரிக்காது. 1947-ல் வந்த திருத்தம். நர்ஸும் காவலரும் ஒரே சங்கம் ஆகிவிடுமோ என்ற செண்பகத்தின் பயம் அங்கே சட்டத்திலேயே தடுக்கப்பட்டிருக்கிறது.

எங்களுக்கு வேலைநிறுத்த உரிமை உண்டு. மருத்துவ நிறுவனம் என்பதால் 10 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். செண்பகத்துக்கு அந்த உரிமை கிடையாது, அதை அண்ணா சொல்வார்.

செண்பகம்_ஆர்என்

முத்தையா அண்ணா, மீனா, குமரன், மூவருக்கும் நன்றி. ஆபீசர் சங்கம் வேறு, எங்கள் சங்கம் வேறு என்பதே இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரியாது. 167-ஆம் பிரிவை அச்செடுத்து வைத்துவிட்டேன்.

வேலைநிறுத்தம் பற்றி மட்டும் இன்னும் கேட்க வேண்டும். 2025-ல் வெளியே நின்றவர்களில் வேலை போனவர்கள் கதையை எங்கள் சிறையில் இன்னும் பேசுகிறார்கள். ஊரில் அம்மாவிடம் சங்கம் என்று சொன்னதுமே 2003-ஐத்தான் இழுத்தார்கள். நாளைக்கு எங்கள் சங்கம் வெளியே வா என்றால் நான் போகத்தான் வேண்டுமா? போகாவிட்டால் கூட இருப்பவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

முத்தையா_ஓய்வு

அம்மா சொன்னது நியாயமான பயம். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றமும் சொன்னது. அந்தத் தலைமுறைக்குச் சங்கம் என்றாலே அந்த ஜூலைதான் ஞாபகம் வரும்.

இங்கே நிலைமை இதுதான். 1966-ல் நியூயார்க் நகரப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகு, 1967-ல் வந்தது டெய்லர் சட்டம். கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைக் கொடுத்த அதே சட்டம் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. மீறினால் வெளியே நின்ற ஒவ்வொரு நாளுக்கும் அந்த நாள் சம்பளம் போவதோடு இன்னொரு நாள் சம்பளம் அபராதமாகப் பிடிப்பார்கள். சங்கத்துக்கும் தண்டனை உண்டு. சம்பளத்திலிருந்து சந்தா பிடித்துத் தரும் வசதியை நிறுத்திவிடலாம். அதனால் உங்கள் சங்கம் வெளியே வா என்று கூப்பிடும் சாத்தியம் மிகமிகக் குறைவு.

1979-ல் இந்த மாநிலத்துச் சிறை ஆபீசர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே நின்றார்கள், உள்ளே தேசியக் காவல் படை வந்தது. 2025-ல் நடந்தது வேறு மாதிரி. பிப்ரவரி 17 அன்று தொடங்கி மார்ச் 10 வரை போன அந்த வேலைநிறுத்தத்துக்கு அவர்கள் சங்கமே அனுமதி தரவில்லை. ஆட்கள் தாங்களாகவே போனார்கள். ஓய்வில்லாத ஓவர்டைம், ஆள் பற்றாக்குறை, தனிமைச் சிறையைக் கட்டுப்படுத்தும் ஹால்ட் சட்டம் என்று காரணங்கள் சொன்னார்கள். மறுபடியும் தேசியக் காவல் படை. திரும்பி வராத 2,000 பேருக்கு வேலை போயிற்று. வேலைநிறுத்தத்தின்போதே பலருக்கு மருத்துவக் காப்பீட்டை நிறுத்தினார்கள். தொடர்ந்து ஷிஃப்ட் மேல் ஷிஃப்ட் பார்த்துக் களைத்துப்போனவர்கள் கோபத்தில் எடுத்த முடிவு என்று எனக்குப் புரிகிறது. ஹால்ட் சட்டத்தை அவர்கள் எதிர்த்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. தனிமை அறையில் ஆட்கள் எப்படிச் சிதைகிறார்கள் என்பதை நர்ஸாகப் பார்த்தவன் நான்.

சங்கம் கூப்பிடாத வேலைநிறுத்தத்துக்குப் போக உங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை. இன்சுலின் போட வேண்டியவர் உள்ளே இருக்கிறார். நர்ஸ் வராவிட்டால் யாரும் அவரை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். கூட இருப்பவர்களிடம் இதையே சொல்லுங்கள். நர்ஸ்களில் பெரும்பாலோருக்கு அது புரியும்.

வேலைநிறுத்தம் இல்லாமல் என்ன பலம் என்று கேட்பீர்கள். 1982-ல் வந்த டிரைபரோ திருத்தம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்து, புதியது இழுத்துக்கொண்டே போனாலும் பழைய ஒப்பந்தத்தின் விதிகள் அப்படியே தொடரும். ஒப்பந்தம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி உங்கள் விடுப்பையோ முறையீட்டு உரிமையையோ நிர்வாகம் பிடுங்க முடியாது. கைதிகளின் எண்ணிக்கைக்கு எத்தனை நர்ஸ் என்ற பேச்சு, தொழிலாளர்-நிர்வாகக் கூட்டத்தில் மாதா மாதம் சலிக்காமல் எழுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வது. அந்தக் கூட்டத்துக்கு நர்ஸ்கள் வருவதே இல்லை. கவுன்சிலர்களும் ஆசிரியர்களும் வந்து அவர்கள் பிரச்சினையைப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் போங்கள்.

இல்லினாய்_குமரன்

முத்தையா ஐயா, 2018 ஏப்ரல் திருத்தம் பற்றி எனக்குத் தெரியாது. அப்படியென்றால் செண்பகம் வேலை பார்க்கும் இடத்தில் நான் இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கலாம். அரசியல் பணம் பற்றிய என் எதிர்ப்பு அப்படியேதான் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன். அட்டையில் கையெழுத்துப் போட்டால் தேர்தல் நிதிக்கும் சேர்த்துத்தான் போகுமா?

முத்தையா_ஓய்வு

தம்பி, வேட்பாளர்களுக்குக் கொடுக்கும் நன்கொடை நிதிக்குப் பொதுவாகச் சங்கங்கள் தனி அட்டை வைத்திருக்கும். அது உங்கள் விருப்பம். உறுப்பினர் அட்டையோடு அதையும் ஒரே தாளாக நீட்டினால், எதற்குக் கையெழுத்து, எதற்கு வேண்டாம் என்று கேட்டுப் போடலாம். ஆனால் சட்டமன்றத்தில் மசோதாவுக்காகப் பேசுவது, ஆட்களைத் திரட்டுவது போன்ற வேலைகளுக்குச் சந்தாப் பணமும் போகும், அதை மறைக்க மாட்டேன். 167-ஆம் பிரிவே அப்படிப் பேசித்தான் வந்தது. அது பிடிக்காவிட்டால் உங்கள் எதிர்ப்புக்குக் காரணம் இருக்கிறது.

செண்பகம், வரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கூட்டரசு வரியில் சந்தாவுக்கு 2018 முதல் கழிவு கிடையாது. நியூயார்க் மாநில வரியில், செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர் கழிக்கலாம்.

செண்பகம்_ஆர்என்

இன்று மதிய இடைவேளையில் அட்டையைப் படித்தேன். குமரன் சொன்ன பொடி எழுத்து இருந்தது. விலகும் விதியைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். உறுப்பினர் பகுதியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், தேர்தல் நிதிப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிட்டேன். நகல் கேட்டதும் ஸ்டூவர்ட் அங்கேயே எடுத்துக் கொடுத்தார். அவர் நர்ஸ் இல்லை, சிறைப் பள்ளி ஆசிரியர். தொழிலாளர்-நிர்வாகக் கூட்டம் எப்போது என்று கேட்டேன். அடுத்த மாதம் இரண்டாவது வியாழன். மருத்துவப் பிரிவிலிருந்து யாரும் கேட்டதே இல்லை என்றார். பலப்பிரயோகத்துக்குப் பிந்தைய பரிசோதனையில் ஆபீசர் எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கே எழுப்பலாமா அண்ணா? இப்போது ஆபீசர்கள் கைதியின் தோளை ஒட்டியே நிற்கிறார்கள். கைதி என்னிடம் வாயைத் திறப்பதில்லை.

முத்தையா_ஓய்வு

கட்டாயம் எழுப்புங்கள். ஆபீசர் அறையை விட்டே போக வேண்டும் என்று கேட்டால் பாதுகாப்பு என்று சொல்லி முதல் நிமிடத்திலேயே மூடிவிடுவார்கள். கண்ணுக்கு எட்டும் தூரம், காதுக்கு எட்டாத தூரம் என்று கேளுங்கள். நோயாளி தன் விவரத்தை நர்ஸிடம் தனியாகச் சொல்ல முடிய வேண்டும் என்பது மருத்துவ ரகசியம் பற்றிய விஷயம், அந்த வழியாகவே எழுதுங்கள். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லி ஸ்டூவர்டிடம் எழுத்தில் கொடுங்கள். முடிந்தால் இன்னொரு நர்ஸின் கையெழுத்தையும் வாங்குங்கள். எல்.பி.என். நர்ஸ்கள் சி.எஸ்.இ.ஏ. என்பதால் அவர்கள் சங்க ஆளிடமும் அதே தாளைக் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டு சங்கத்திலிருந்தும் ஒரே வாரத்தில் அதே கோரிக்கை வந்தால் சூப்பரின்டென்டென்ட் அதைத் தள்ளிப்போடுவது கஷ்டம்.